ஹஸ்ரத் நீதிபதி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில், ஊர் முஸ்லிம்களின் அமைப்பான ஜமாஅத் நடத்தும் பஞ்சாயத்து பற்றிய கட்டுரையில், 'ஊர்ப் பெண்களின் வாழ்க்கை பள்ளிவாசல் ஹஸ்ரத்தின் வாய்ச்சொல்லில் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு ஹஸ்ரத்தின், அதாவது தொழுகை நடத்தும் இமாமின், மகள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

1880-ஆம் ஆண்டுக் காஜிகள் சட்டம் திருமணம் போன்ற சடங்குகளுக்காக அரசு நியமிக்கும் காஜிக்கே நீதி வழங்கும் அதிகாரம் தரவில்லை. மார்க்க அறிஞர் தரும் கருத்தான ஃபத்வா யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளிவாசல்களில் இஸ்லாமியச் சட்டப்படி வழக்கு விசாரிக்கும் ஷரீஅத் கவுன்சில் நடக்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்?

என் அத்தா வேலூர் பாக்கியாத் அரபிக் கல்லூரியில் ஓதியவர். ஐந்து வேளைத் தொழுகை, பிள்ளைகளுக்கு மக்தப் என்னும் குர்ஆன் வகுப்பு, வெள்ளிக்கிழமை பயான் என்னும் சொற்பொழிவு. இதற்கு நடுவில் வழக்கோடு யாராவது வாசலில் நிற்பார்கள். கணவன் மனைவிக்குள் பிளவு வந்தால் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைக்கச் சொல்கிறது குர்ஆன். அத்தா அதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வீட்டார், "தலாக் எழுதிக் கொடுங்க ஹஸ்ரத்" என்று காகிதத்தோடு வந்துவிடுவார்கள். மறுத்ததற்காக ஒரு தடவை பள்ளிவாசல் நிர்வாகம் சம்பளத்தையே நிறுத்தி வைத்தது. வக்ஃபு வாரியங்கள் இமாம்களுக்கு ஊதியம் தர வேண்டும் என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது வீட்டில் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! எங்கள் ஊர் நிர்வாகம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பாகப்பிரிவினை இன்னும் கொடுமை. விவசாய நிலத்துக்கும் ஷரீஅத் சட்டம் பொருந்தும் என்று சென்னை மாகாணத்தில் 1949-லேயே திருத்தம் வந்துவிட்டது. தலாக் என்றால் ஷரீஅத் பேசியவர்கள், தங்கச்சிக்கு வயலில் பங்கு என்றதும் ஊர் வழக்கம் பேசினார்கள். அதை அத்தா பள்ளிவாசலின் மிம்பர் மேடையில் நின்று கண்டித்தார். வேறு ஊர் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். சாமான்களை ஏற்றும்போது ஜமாஅத்தில் ஒருவர்கூட வரவில்லை. அதிகாரம் யார் கையில் இருந்தது என்று தங்கள் நிருபர் அங்கே விசாரித்திருக்க வேண்டும்.

ஜீவனாம்சம் கேட்டு வந்த பெண்களை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பியவரும் என் அத்தாதான். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு, தொலைபேசி எண் 15100. இனி இப்படிக் கட்டுரை போடும்போது அடியில் இந்த விவரத்தையாவது சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர் மாவட்டம்