விடியுமுன் புறப்பட்ட இஸபெல்லா

அன்புள்ள கிரேஸ்,

வி.பி.எஸ்.ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளியில்) சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்ல, அமெரிக்காவில் அடிமையாயிருந்து விடுதலை தேடிப் போன சொஜர்னர் ட்ரூத் பற்றி நீ எழுதிய குறிப்பைப் படித்தேன். வேட்டை நாய், வடக்கு நட்சத்திரம், ஒளித்துவைக்கும் வீடுகள் எல்லாவற்றையும் எடுத்துவிடு. அவை அடிமைத்தனத்திலிருந்து தப்பிய இன்னொரு பெண்ணான ஹாரியட் டப்மன் கதைக்கு உரியவை; அது 1849இல் மேரிலாந்தில் நடந்தது. சொஜர்னர் ட்ரூத் கிளம்பியது 1826இல், நியூயார்க் மாநிலத்து ஹட்சன் ஆற்றுப் பக்கப் பண்ணையிலிருந்து. தென் மாநிலங்களுக்குரிய பருத்திக்காட்டுப் படமும் வேண்டாம். சொஜர்னர் ட்ரூத் என்ற பெயரையும் 1843இல்தான் வைத்துக்கொண்டாள்; அதற்கு முன் அவள் பெயர் இஸபெல்லா. கதை முழுக்க இஸபெல்லா என்றே சொல்.

அவள் தாய்மொழி டச்சு. 9 வயதில் ஆட்டுமந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் பேசியது ஆங்கிலம். வாணலி கேட்டால் வேறெதையோ எடுத்து வருவாள், அடி விழும். மொழி புரியாமல் அடிவாங்குவது பிள்ளைகளுக்கு உடனே உறைக்கும். அடித்த விதத்தை விவரிக்காதே; தழும்பு கடைசிவரை இருந்தது என்றால் போதும்.

அவள் ஜெபித்த இடத்தை விட்டுவிடாதே. வானத்தில் ஒரு கடவுள் இருக்கிறார், கேட்கிறார், பார்க்கிறார் என்று தாய் சொல்லிக்கொடுத்திருந்தாள். வாய்விட்டுச் சொன்னால்தான் அவருக்குக் கேட்கும் என்று இஸபெல்லா நம்பினாள். அதனால் ஓடை நடுவே ஒரு திட்டில், செடிக் கிளைகளை மறைப்பாகப் பின்னிக்கொண்டு, தண்ணீர் இரைச்சலில் சத்தமாகப் பேசுவாள். யாருக்கும் கேட்காது.

பின்னாளில் அவளுக்கு எஜமானான டுமாண்ட், மாநிலம் விடுதலை தரும் நாளுக்கு ஓராண்டு முன்பே விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு, கையில் காயம்பட்டதால் நீ வேலையைக் குறைவாகச் செய்தாய் என்று மறுத்துவிட்டார். அவள் உடனே போகவில்லை. சுமார் 100 பவுண்டு, அதாவது 45 கிலோ கம்பளியை நூற்று முடித்தாள். அதன் பிறகுதான் கடவுளிடம் கேட்டாள்: இரவில் போகப் பயம், பகலில் போனால் எல்லாரும் பார்ப்பார்கள், என்ன செய்ய? விடிவதற்குச் சற்று முன் கிளம்பலாம் என்று மனதில் பட்டது. நல்ல யோசனை, நன்றி ஆண்டவரே என்றாள். இங்கே அவசரப்படாதே. “நீங்களாயிருந்தால் எந்நேரம் போவீர்கள்?” என்று கேட்டு, பிள்ளைகள் பதில் சொன்ன பிறகு தொடர்.

ஒரு கையில் குழந்தை சோபியா, மறு கையில் துணியும் உணவும் கட்டிய கைக்குட்டை மூட்டை. ஒரு கைக்குட்டை அளவுக்கு மூட்டை கட்டிக் காட்டு. எங்கே போவது என்று தெரியாது. மேட்டில் ஏறியபோது வெயிலும் வந்துவிட்டது. உட்கார்ந்து பால் கொடுத்தாள், ஜெபித்தாள். தெரிந்தவர் ஒருவர் வீடு நினைவுக்கு வந்தது. அவரோ மரணப்படுக்கையில். ஆனாலும் இரண்டு வீடுகளுக்கு வழி சொன்னார். முதல் வீடு ஐசக், மரியா வான் வாகனன் தம்பதியுடையது; சேர்த்துக்கொண்டார்கள்.

டுமாண்ட் தேடி வந்து, ஓடிவந்துவிட்டாயே என்றார். ஓடவில்லை, பகல் வெளிச்சத்தில் நடந்துதான் வந்தேன் என்றாள். ஐசக் அவளுக்கு மீதி இருந்த ஊழியக்காலத்துக்கு 20 டாலரும் குழந்தைக்கு 5 டாலரும் கொடுத்தார். அவள் எஜமான் என்று அழைத்தபோது, அப்படிக் கூப்பிடாதே என்றார்.

மற்றப் பிள்ளைகளை ஏன் விட்டுவந்தாள் என்று கட்டாயம் கேட்பார்கள். மழுப்பாதே. 1799இல் வந்த சட்டப்படி அதற்குப் பிறகு பிறந்தவர்கள் அடிமைகள் இல்லை. ஆனால் 20 வயது தாண்டும்வரை தாயின் எஜமானுக்கு வேலை செய்தாக வேண்டும். இஸபெல்லா போன்ற மூத்தவர்களுக்கு 1827 ஜூலை 4 விடுதலை. பிள்ளைகளும் அப்படி வேலை செய்ய வேண்டியிருந்ததால்தான் சோபியாவுக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் மாநிலத்துக்கு வெளியே விற்பது குற்றம். அப்படியிருந்தும் அவள் மகன் பீட்டரைத் தெற்கே அலபாமா மாநிலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அடிமைமுறையை எதிர்த்த கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் உதவ, கிங்ஸ்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு 1828இல் மீட்டாள். முதலில் பையன் பயத்தில் இவள் என் அம்மா இல்லை என்று சொல்லிவிட்டான். இந்தப் பகுதியை மறுநாளுக்கு வை. ஒரே மூச்சில் சொன்னால் 7 வயதுப் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடும்.

பெயர் உச்சரிப்பு சரிபார்க்க வேண்டுமானால் இரவு 8 மணிக்குமேல் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா