தொட்டுக்க என்னம்மா?

அன்புள்ள அத்தைக்கு,

ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒரு வாரத்துக் குழம்பையா பிள்ளைங்களுக்குப் போடுறே?" என்று கேட்டீர்கள். வாசலில் ஆட்டோ நின்றது, பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அது குழம்பு இல்லை அத்தை, புளிக்காய்ச்சல். பக்கத்தில் இருந்தது தக்காளித் தொக்கு. கூட்டு, அவியல், தேங்காய்ச் சட்னி எதையும் நான் எடுத்து வைப்பதில்லை. தேங்காய் சேர்த்தது அன்றைக்கே தீர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் 2 கிலோ தக்காளியை அடுப்பில் ஏற்றுவேன். அது கொதித்துத் தெறித்துச் சுவரெல்லாம் சிவப்பாகும். தண்ணீர் வற்றிச் சுருண்டு, நல்லெண்ணெய் ஓரத்தில் பிரிந்து, கரண்டியால் இழுத்தால் சட்டியின் அடி தெரிகிற வரை நகர முடியாது. கடைசியில் எல்லாம் ஒரு பாட்டிலுக்குள் அடங்கிவிடும். தண்ணீர் போய், உப்பும் புளியும் எண்ணெயும் தூக்கலாக இருப்பதால்தான் கெடாமல் நிற்கிறது. ஒருமுறை உங்கள் மகன் ஈரக் கரண்டியை விட்டுவிட்டார். நாலாம் நாள் மேலே வெள்ளையாகப் பூஞ்சை. பாட்டிலோடு கொட்டினேன். அதற்கப்புறம்தான் பாட்டில் கழுத்தில் ரப்பர் பேண்டு போட்டு ஒரு ஸ்பூனைச் செருகி வைத்தேன். நீங்கள்கூடப் பார்த்துச் சிரித்தீர்களே, அதுதான்.

நான் வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடுகிறது. சமைப்பதுகூடப் பெரிய கஷ்டம் இல்லை அத்தை, என்ன சமைப்பது என்று யோசிப்பதுதான் கஷ்டம். முன்பெல்லாம் மத்தியானம் மூன்று மணிக்கே ஆபீசில் அந்த யோசனை மண்டைக்குள் ஓட ஆரம்பித்துவிடும். இப்போது குக்கரில் சாதம் வைத்துவிட்டு, விசில் வருவதற்குள் சின்னவனுடைய வீட்டுப்பாடத்தைப் பார்க்க முடிகிறது. "தொட்டுக்க என்னம்மா?" என்று பெரியவள் கேட்டால், "நீயே எடுத்துக்கோ" என்று சொல்லலாம். வியாழக்கிழமை வந்தால் "மறுபடியும் தொக்கா?" என்று முகத்தைச் சுளிப்பாள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு இரண்டு முட்டையை உடைத்து அதே தொக்கில் கிளறிக் கொடுத்துவிடுவேன்.

பழசு என்கிறீர்கள், சரி. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கறுப்புக் குடையை விரித்துக் காக்கா விரட்டி, நீங்கள் காய வைக்கிற சுண்டைக்காய் வத்தலும் மோர் மிளகாயும் கூழ் வடகமும் எத்தனை நாள் பழசு? ஐப்பசி மழையில் அதைப் பொரித்துப் போட்டால் இரண்டு கவளம் கூடவே உள்ளே போகிறது. எனக்கு இங்கே மாடியும் இல்லை, வெயிலுக்கு உட்காரப் பொழுதும் இல்லை. இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

இன்னொன்று கேட்க வேண்டும். என் புளிக்காய்ச்சலில் வேர்க்கடலை மூன்றே நாளில் நமுத்துப்போகிறது. நீங்கள் சாதம் கிளறும்போதுதான் வறுத்துப் போடுவீர்களா? போனில் சொல்லுங்கள்.

அடுத்த முறை வரும்போது உப்பு நாரத்தங்காய் கொண்டுவாருங்கள். பாட்டிலைக் கழுவி வெயிலில் காய வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்