சுடலையை மயானத்திலேயே விட்டுவிட்டு வந்தோம்

மும்பையில் வருஷா வருஷம் கொடை (கோயில் திருவிழா) நடத்தும் நெல்லைச் சீமைக் கோயில் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார்களே,

வணக்கம். நான் ஒரு வில்லிசைக் குழுவில் குடம் அடிக்கிறவன். வில்லடித்துக் கதை சொல்வது எங்கள் அக்கா. குழுவுக்கும் அவர்தான் தலைவி. “நீதான் எந்நேரமும் போனில் என்னத்தையாவது எழுதிக்கிட்டு இருக்கியே, இதையும் எழுதுல” என்று சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன். இது ஒரு கமிட்டிக்கு மட்டும் எழுதியது இல்லை. தாராவி, ஆண்டாப் ஹில், சயான் கோலிவாடா, செம்பூர் என்று நாங்கள் வந்து பாடிய எல்லா இடத்துக்கும் பொது. படிக்கும்போது “நம்மளத்தான் சொல்லுதான்” என்று யாருக்காவது தோன்றினால் தோன்றட்டும்.

போன கொடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதை ஆரம்பம் என்று பேச்சு. நாலரைக்கே குடத்தை வைக்கோல் புரிமணையில் ஏற்றி, வில்லை அதில் கட்டி, நாங்கள் உட்கார்ந்தாயிற்று. வரவேற்புரை நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். யாரோ பெரிய மனிதர் வந்தார், அவருக்காக மறுபடி பொன்னாடை. நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை ஒருத்தர் வாசித்தார், ஒருத்தர் பெயர் விட்டுப்போனதால் முதலிலிருந்து வாசித்தார். ஏழேகாலுக்குத்தான் அக்கா காப்புப் பாடினார். எட்டரைக்கு நாசிக் டோல் என்ற மேளச் செட் உள்ளே வந்தது. அந்தச் சத்தத்தில் உடுக்கை என்ன, இடி விழுந்தாலும் கேட்காது. ஒன்பது மணிக்கு மறுபடியும் தொடங்கினோம். பார்வதி முந்தானையை ஏந்தி நிற்க, விளக்குச் சுடர் தெறித்து விழுந்து, அது சுடலை என்ற பிள்ளையாகி, அந்தப் பிள்ளை ராத்திரியில் பசி பொறுக்காமல் தொட்டிலை விட்டு இறங்கி மயானத்துக்குப் போகிறது. ஒன்பது ஐம்பதுக்கு ஒரு தம்பி மேடைக்குக் கீழே நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். “அக்கா, வாழி பாடிருங்க.” வாழி பாடினால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

சுடலை அப்போது எங்கே நிற்கிறார், யோசித்துப் பாருங்கள். மயானத்தில் எரிகிற பிணத்தைத் தின்றுகொண்டிருக்கிறார். கயிலாயத்தை விட்டு இன்னும் இறங்கவே இல்லை. அவர் பூமிக்கு வர வேண்டும், மலையாளம் போக வேண்டும், பகவதி கோயில் புதையலுக்குக் காவல் இருக்க வேண்டும், மந்திரவாதியோடு கணக்குத் தீர்க்க வேண்டும். அதற்கெல்லாம் பிறகுதான் நம்ம பக்கம் வந்து, தான் இருக்க நிலையம் கேட்பார். உங்கள் பாட்டனாருக்கு அவர் சாமி ஆனதே அந்த இடத்தில்தான். அதற்கு முன்னாலேயே வாழி பாடினால் அது யாருக்கு வாழி?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாமியாடி அண்ணாச்சி சல்லடம் கட்டி, குல்லாய் வைத்து, வல்லயம் என்கிற ஈட்டியைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்குப் பக்கத்தில் நின்றார். பகலெல்லாம் தோல் பை தைக்கிறவர், கொடைக்கு என்று இருபத்தோரு நாள் விரதம். சாமியை வரவழைக்கிற வரத்துப் பாட்டு எப்போது வரும் என்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வரத்துக்கு அடி மாறும், முதலில் மாறுவது குடம்தான், அது அவருக்குத் தெரியும். நான் கையைக் குடத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் புரிமணையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“மேடை வில்லுப்பாட்டுக்காரர்கள் ஒரு மணி நேரத்தில் அழகாக முடிக்கிறார்களே, நீங்கள் ஏன் இழுக்கிறீர்கள்?” என்று ஒரு அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்விதான். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லைக் கோயிலிலிருந்து மேடைக்குக் கொண்டுபோனவர். அந்த வழியில் வந்த எங்கள் நெல்லைக்காரர் சுப்பு ஆறுமுகம் ஐயா 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார், 2022இல் காலமானார். அவர்கள் செய்தது தனிக் கலை. காந்தி கதையோ வேறொன்றோ, ஒரு மணி நேரத்துக்கு என்றே கட்டி, சிரிக்க வைத்து, அந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பார்கள். எங்களுக்கும் அது தெரியும். பொங்கலுக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்றால் சொல்லுங்கள், தாராளமாகச் செய்கிறோம், நீங்கள் கேட்கும் சினிமா மெட்டையும் போடுகிறோம். கோபமே கிடையாது. ஆனால் கொடைக்குக் கூப்பிட்டால் அது வேறு. சாமியை அழைக்கிற குடியழைப்புக்கு ஒரு பாட்டு, மதியம் உச்சிக்கொடைக்கு ஒரு பங்கு, நடுராத்திரி சாமக்கொடைக்கு ஒரு பங்கு என்று கதையும் பூசையும் பின்னிக்கிடக்கும். கதையை வெட்டினால் பூசையும் சேர்ந்து அறுந்துவிடும்.

சரி, பத்து மணிச் சட்டம். அது உங்கள் குற்றம் இல்லை. 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள், ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. வருஷத்தில் பதினைந்து நாள் வரைக்கும் நள்ளிரவுவரை மாநில அரசு தளர்த்தலாம். அந்த நாட்கள் பிள்ளையார் சதுர்த்திக்கும் நவராத்திரிக்குமே போய்விடும், நம்ம சுடலைக்கு யார் ஒதுக்கப்போகிறார்கள்? “மைக் இல்லாமல் பாடுங்கள்” என்று ஒரு தம்பி யோசனை சொன்னான். நாங்கள் தயார்தான், எங்கள் தாத்தா காலத்தில் மைக் ஏது? ஆனால் விதியைத் திருத்தியபோது இசைக்கருவியையும் சேர்த்துவிட்டார்கள். ஒலி வெளியே போகாத, மூடிய மண்டபத்துக்குள் என்றால்தான் விலக்கு. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறது, காலை நாலு மணிக்கு ஷிப்டுக்குப் போகிறவர் தூங்குகிறார். சட்டம் சரிதான் என்பது என் கட்சி. அக்காவுக்கு அதில் உடன்பாடு இல்லை, அது எங்களுக்குள் இருக்கட்டும்.

ஆகவே பத்து மணிக்கு மேல் அனுமதி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பத்து மணிக்கு முன்னால் இருக்கும் நேரத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு உச்சிக்கொடையோடு கதையைத் தொடங்கலாம். வெயிலுக்குப் பந்தல் இருக்கிறது. ஒன்பது மணி நேரம் கையில் இருந்தால் பிறப்பிலிருந்து வாழி வரைக்கும் மூச்சு வாங்காமல் முடித்துவிடுவோம், நடுவில் எல்லோரும் சாப்பிடலாம். பொன்னாடையை முந்தின நாளே போர்த்திவிடுங்கள். (என்னிடம் பதினோரு பொன்னாடை இருக்கிறது. இரண்டை வைத்து வில்லுக்கு உறை தைத்தாயிற்று.) நன்கொடைப் பெயர்களைப் பெரிய எழுத்தில் பிளக்ஸ் அடித்து வாசலில் கட்டுங்கள், வருஷம் முழுக்கத் தொங்கட்டும். நாசிக் டோல் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பையன்களும் கூலிக்கு அடிக்கிறவர்கள்தான். ஊர்வலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாட்டுக்கு நடுவே ஐம்பது, நூறு என்று அன்பளிப்பு கொடுத்து, மைக்கில் பெயர் சொல்லச் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடுக்கிறவர்களுக்கு அது ஆசை, எங்களுக்கு அது டீச்செலவு. ஊரிலும் உண்டு. ஆனால் கதையில் மாய இசக்கி அழுகிற இடத்தில் “இன்ன அண்ணாச்சி அன்பளிப்பு ரூபாய் நூறு” என்று சொல்லிவிட்டு மறுபடி அழ, எங்கள் அக்காவால்கூட முடியவில்லை. ஒரு தட்டு வைத்துவிடுங்கள், கதை ஓரிடத்தில் நிற்கும்போது மொத்தமாக வாசிக்கிறோம்.

நாங்கள் எப்படி வந்து சேர்கிறோம் என்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். நெல்லையிலிருந்து ஒன்றரை நாள். ஏழு பேர், உடுக்கை, ஜால்ரா, கட்டை, ஆர்மோனியம், அப்புறம் வில். பழைய பனங்கட்டை வில்லை ரயிலில் ஏற்ற வழியில்லை, அதனால் நடுவில் திருகு வைத்து இரண்டாகப் பிரிக்கிற வில் செய்துவைத்திருக்கிறோம். அதையும் கீழ் பெர்த்துக்கு அடியில் நீட்டிப் போட்டால் எல்லார் காலிலும் இடிக்கும். ராய்ச்சூர் பக்கம் ஏறிய ஒருத்தர், “தூண்டிலா?” என்று சைகையில் கேட்டார். மணியைக் குலுக்கிக் காட்டியதும் ஏதோ கோயில் சாமான் என்று கும்பிட்டார். கலைஞர்களுக்கு ரயிலில் முன்பு கொடுத்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தியவற்றோடு போய்விட்டது. இப்போது முழுக் கட்டணம்.

போன தடவை சோலாப்பூர் தாண்டி, மேல் பெர்த்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி சரிந்து குடத்தின் மேல் விழுந்தது. சாக்கில் வைக்கோல் திணித்து, என் காலிடையிலேயே வைத்துக் கொண்டுவந்த குடம். சத்தம் கேட்டதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

இறங்கின அன்றைக்கே தாராவி தொண்ணூறடி ரோட்டில் கும்பர்வாடாவுக்குப் போனேன். சௌராஷ்டிரத்திலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாகப் பானை வனையும் குஜராத்திக் குயவர்கள். எனக்கு இந்தி “கித்னா”வைத் தாண்டாது. தண்ணீர்ப் பானையை ஓடு மெல்லிசாக, லேசாகக் கசிகிற மாதிரி செய்வார்கள், அப்போதுதான் தண்ணீர் குளிரும். அதில் அடித்தால் ‘டப்’ என்று செத்துவிழும். எங்களுக்கு ஓடு கனமாக, கழுத்து ஒடுங்கி இருக்க வேண்டும். ‘தும்’ என்று எழும்பி, கொஞ்சம் நின்று, அப்புறம் அடங்க வேண்டும். முப்பது நாற்பது பானையைச் சுண்டிப் பார்த்தேன். விரிசல் தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, “லீக் நஹி, லீக் நஹி” என்று அந்த மனிதர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பையிலிருந்து குடம் அடிக்கிற பத்தி மட்டையை எடுத்து ஒரு பானையின் வாயில் ஓங்கி ஒன்று வைத்தேன். பதறி எழுந்துவிட்டார். நான் இடது கையில் காசை வைத்துக்கொண்டு கழுத்தில் தட்டி, வலது கையால் வாயில் அடித்து, நாலு வரி தாளம் வாசித்துக் காட்டினேன். அவர் பேசவில்லை. உள்ளே போய், சூளையில் கூடுதலாக வெந்து கறுத்துப்போன ஒன்றைத் தூக்கி வந்தார். விற்காத சரக்கு போல. அடித்தேன். தும். விலையில் மட்டும் ஐந்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் தன் பேரனோடு கொடைக்கு வந்திருந்தார், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பந்தல் ஓரத்தில் நின்று, தான் வனைந்த பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது ஐம்பதுக்கு அவரும்தான் கலைந்து போனார்.

“மும்பையில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தத் தமிழ் புரியாது, அதுதான் சுருக்கச் சொல்லுதோம்” என்கிறீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது யார்? அந்தப் பிள்ளைகள்தான். பெரியவர்கள் நாற்காலியில் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமான் கட்டும்போது ஒரு பொடியன் வந்து, “பிர் க்யா ஹுவா, அண்ணா? சுடலை பொணம் தின்னாரு, அப்புறம்?” என்று கேட்டான். நான் உறையைக் கட்டிக்கொண்டே மீதிக் கதையை ஐந்து நிமிஷத்தில் சொன்னேன். அவன் திருப்திப்படவில்லை.

சம்பளத்தில் குறையில்லை. பேசின தொகை ஊரில் கிடைப்பதைவிடக் கூடவே வருகிறது. சாப்பாடு உங்கள் வீட்டுப் பெண்கள் கையால், அதற்கும் குறையில்லை. தங்கும் இடத்தில் அக்காவுக்கும் ஜால்ரா போடும் தங்கச்சிக்கும் தாழ்ப்பாள் உள்ள குளியலறை ஒன்று பார்த்துவையுங்கள், போதும்.

இன்னொன்று. தாராவியில் மறுசீரமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். கோயிலுக்காக நீங்களும் எங்கேயாவது போய்ப் பேசுவீர்கள். பேசும்போது கோபுரம், டைல்ஸ் என்று மட்டும் கேட்காமல், பீடத்துக்கு முன்னால் கதவு வைத்து மூடக்கூடிய ஒரு மண்டபம் கேட்டுப் பாருங்கள். ஐம்பது பேர் உட்கார்ந்தால் போதும். மூடிய இடத்துக்குள், மைக் இல்லாமல், சாமக்கொடைக் கதையைச் சாமத்திலேயே பாடுகிறோம். தோல் பதனிடும் வேலைக்கு நெல்லையிலிருந்து உங்கள் முன்னோர் இங்கே வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வெறுங்கையோடு வந்தபோதும் ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து பீடம் போட்டவர்கள். அந்தச் சாமிக்குக் கேட்பதற்கு உங்களுக்குக் கூச்சம் வேண்டாம்.

இந்த வருஷத்துக்கும் அச்சாரம் வாங்கிவிட்டோம், டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஐந்து பேருக்கு உறுதி, இரண்டு பேர் வெயிட்டிங் லிஸ்ட். ஒரு மணிக்குக் கதை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், அக்கா கதையை அதற்குத் தகுந்தபடி பிரித்துவைத்துக்கொள்வார்.

கும்பர்வாடாக் குடத்தைத் திரும்ப ரயிலில் ஏற்ற மனசு வராமல் உங்கள் கோயில் பின்கட்டிலேயே துணி சுற்றிக் கவிழ்த்துவைத்துவிட்டு வந்தேன். குழாயில் தண்ணீர் வருகிற அவசரத்தில் கையில் அகப்படுகிற பாத்திரத்தில் எல்லாம் பிடித்துவைப்பீர்கள், பார்த்திருக்கிறேன். அதில் மட்டும் பிடித்துவிடாதீர்கள் அண்ணாச்சி. ஓடு ஈரம் குடித்துவிட்டால் சத்தம் எழும்பாது.

இப்படிக்கு,
குடம் அடிப்பவன்