மன்னர் முன் நின்றவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு ஆன்மிகப் பக்கத்தில் வந்த ஒரு வரி என் மனதை அறுக்கிறது. பண்டை இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகள் மன்னர்களுக்கு நல்ல காலம் கணித்துச் சொன்னவர்களாம். கூடவே நட்சத்திரம் பார்க்கும் தாடிக்காரர் படம் வேறு.

வேதாகமம் அறிந்தவர் தாங்கள். தீர்க்கதரிசி என்றால் கடவுளின் வார்த்தையை எடுத்துச் சொல்பவர். நல்ல காலம் சொன்னவர்களும் இருந்தார்கள்தான். ராமோத் கீலேயாத் என்ற பட்டணத்தின் மேல் படையெடுக்கலாமா என்று இஸ்ரவேலின் ராஜா ஆகாப் கேட்டதும் ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகள் ஒரே வாயாகப் ‘போம்’ என்றார்கள். அவர்களில் ஒருவனான சிதேக்கியா, வெற்றிக்கு அடையாளமாக இரும்புக் கொம்புகளே செய்துகொண்டு வந்தான். மிகாயா என்ற தீர்க்கதரிசி ஒருவர்தான் அழிவைச் சொன்னார். கன்னத்தில் அறை வாங்கிச் சிறைக்குப் போனார். ஆகாப் வேஷம் மாறிப் போயும் அம்பு பட்டுச் செத்தான். தங்கள் கட்டுரையாளர் கண்ணுக்கு அந்த 400 பேர் மட்டும் தெரிந்திருக்கிறார்கள்.

தீர்க்கதரிசி நாத்தான் தாவீது ராஜாவின் அரண்மனைக்கு வேண்டியவர். அவரே, தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனையும் கொன்ற தாவீதின் முகத்துக்கு நேரே ‘நீயே அந்த மனுஷன்’ என்றார். சொந்தக்காரன் நாபோத்தைக் கல்லெறிந்து கொன்று அபகரித்த திராட்சைத் தோட்டத்தில் வைத்தே ஆகாபை மடக்கினார் எலியா தீர்க்கதரிசி.

யூதாவின் ராஜா யோயாக்கீமை எப்படி மறக்க முடியும்? வேலை வாங்கிக் கூலி கொடுக்காமல் கேதுரு மரப் பலகை அடித்து மாளிகை கட்டியவன். குளிர்கால அரமனையில் கணப்பு எரிகிறது. அழிவு வருமென்று தீர்க்கதரிசி எரேமியா சொல்ல, அவருடைய எழுத்தர் பாருக் எழுதிய சுருளை ராஜாவின் ஊழியன் யெகுதி வாசிக்கிறான். மூன்று நாலு பத்தி வாசித்ததும் ராஜா சூரிக்கத்தியால் அதை அறுத்து நெருப்பில் போடுகிறான். வேண்டாமென்று மூன்று பிரபுக்கள் கெஞ்சியும் கேட்கவில்லை. சுருள் முழுவதும் எரிந்தது. எரேமியா பாருக்கை உட்காரவைத்து அத்தனையும் மறுபடி எழுதவைத்தார், இன்னும் அநேகம் சேர்த்து. அவர் சொன்னபடியே கி.மு. 586 வாக்கில் எருசலேமே எரிந்தது. அந்த எரேமியாவா ஐயா நல்ல காலம் சொன்னவர்?

கிறிஸ்துமஸ் வந்தால் கேக்கும் நட்சத்திரமும், புனித வெள்ளிக்குச் சிலுவைப் படமும் போடுவதோடு தங்கள் பத்திரிகைக்கு எங்கள் வேதம் முடிந்துவிடுகிறது. இதைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தில் பாராட்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டீர்கள்.

வெளியே மட்டும் குறை சொல்லவில்லை. தேர்தல் சமயத்தில் எங்கள் ஆலயத்துக்கு வந்த வேட்பாளரைத் தாவீது என்று சொல்லித் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதையை அவருடைய ஆட்கள் வேலி போட்டு அடைத்திருந்தார்கள். அதைக் கேட்க எழுந்தேன். “சும்மா இருங்க அண்ணாச்சி, நம்ம சபைக்கு நல்லது செய்ய வந்திருக்காரு” என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். மிகாயாவை அழைக்கப் போனவனும் வழியில் இதையேதான் சொன்னான்: எல்லாரும் நல்லதாகச் சொல்கிறார்கள், நீரும் அப்படியே சொல்லும் என்று. அன்று நாங்கள் பாடையைச் சுற்றுவழியில் தூக்கிப் போனோம். இன்றும் அப்படித்தான் போகிறோம். தங்கள் கட்டுரையைப் படிக்கும் பிள்ளைகள், தீர்க்கதரிசி என்றால் கைபிடித்து உட்காரவைத்தவர்கள் பக்கம் இருப்பவர் என்றே நினைப்பார்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அதே பக்கத்தில் நாலு வரித் திருத்தம் போடுங்கள். இடமில்லையென்றால் எரேமியா 36-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்படியாவது ஒரு குறிப்புக் கொடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், கல்லறைப் பாதையைப் பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை.