மரமில்லாத தீவின் பச்சைக்கிளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூசிலாந்துக்குத் தென்கிழக்கே 700 கி.மீ.க்கும் அப்பால், மரமே இல்லாத ஆன்டிபோடீஸ் தீவுகளில் மட்டும் வாழும் பச்சைக்கிளி பலரும் அறியாத பறவை. தலையும் பச்சையாகவே உள்ள இக்கிளி, புற்புதர்களின் அடியில் வளைக்குள் முட்டையிடுகிறது. நீண்ட புல்லைக் காலால் பிடித்துக்கொண்டு மெல்லுகிறது. இறந்த கடற்பறவைகளின் இறைச்சியைத் தின்பதோடு, சிறிய கடற்பறவைகளைக் கொன்றும் உண்கிறது என்பது கிளிகளிடையே மிக அரிய வழக்கம்.

மனிதர்களால் வந்து சேர்ந்த சுண்டெலிகள் அங்குள்ள பூச்சிகளையும் விதைகளையும் சூறையாடி வந்த நிலையில், 2016-இல் ஹெலிகாப்டர் மூலம் நஞ்சிரை தூவப்பட்டு, 2018-இல் அத்தீவு எலியற்றதாக அறிவிக்கப்பட்டது. அதற்கான செலவு முற்றிலும் நியாயமானது என்பது என் உறுதியான கருத்து. எனினும், சரக்குப் பெட்டிக்குள் ஒளிந்து வரும் சினை எலி ஒன்றே அவ்வளவு உழைப்பையும் பாழாக்கிவிடும் என்பதால், அங்கு செல்லும் ஒவ்வொரு படகையும் சோதிக்கும் நடைமுறை எக்காலத்திலும் தளர்த்தப்படக் கூடாது.

இப்படிக்கு,
பறவை ஆர்வலரான தங்கள் வாசகர்