உமது பாட்டின் இரண்டாம் சரணம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்து இரண்டு கிழமைகள் கடந்துவிட்டன. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் அன்று. மைதானத்தில் ராப்பா, பழைய பாட்டா என்று நீர் எழுதிய அதே வழக்கு இங்கே நமது விளையாட்டுக் கழகத்திலும் நடந்துகொண்டிருந்தது. அது ஒரு முடிவுக்கு வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். முடிவு வந்ததா என்று கேட்டால் பாதி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மீதிப் பாதி உம்மிடம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேத்தியோடு அங்குள்ள மைதானத்துக்குப் போய், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நடுவில் உட்கார்ந்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் வெற்றிப் பாட்டைக் கேட்டதாக எழுதியிருந்தீர். 1898 இல் சிகாகோ அணியை வென்ற மகிழ்ச்சியில் லூயிஸ் எல்பல் என்ற மாணவர் இயற்றிய பாட்டு அது என்பதையும், இன்றைக்கும் பாட்டனும் பேரனும் ஒரே சொல்லில், ஒரே நொடியில், கைமுட்டியை உயர்த்துகிறார்கள் என்பதையும் நீர் விவரித்த பகுதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அதன் பிறகுதான் உமது கோபம் தொடங்குகிறது. ஆட்டம் நிற்கும் இடைவெளிகளில் பித்தளை வாத்தியக் குழு கையைக் கட்டிக்கொண்டிருக்க, ஒலிபெருக்கியில் ராப் அதிர்ந்ததாம். பக்கத்து இருக்கைப் பெரியவர் அதை ஏச, பின்வரிசை மாணவர்கள் அவரை ஏச, ஆட்டத்தை மறந்து எல்லோரும் பாட்டைப் பற்றியே வாதிட்டார்களாம். நீரும் பெரியவர் பக்கம் நின்று, ராப் என்பது வெறும் பேச்சு, பேச்சைக் கேட்டு எந்த அணியும் எழுந்து ஓடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டீர்.

மச்சான், இந்தத் தீர்ப்பை நீர் சொல்லலாமா? உமது ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணிக்கு 2013 முதல் தூதுவராக இருப்பவர் ட்ரேக் என்ற ராப் பாடகர். 2019 இல் அந்த அணி கிண்ணம் வென்றபோது நீர் வேலைக்கு லீவு போட்டு ஊர்வலம் பார்க்கப் போன கதையை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தீர். அந்த மூன்று பக்கத்திலும் ராப்பைப் பற்றி ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

இங்கே நடந்ததைக் கேளும். பக்கத்து ஊரில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்று அறிவித்தார்கள். நமது கழகத்துப் பொடியன்மார் தாங்களே ஒரு ராப் பாட்டுக் கட்டி, கைத்தொலைபேசியிலேயே தாளமும் சேர்த்து, அணி மைதானத்தில் இறங்கும்போது அதைத்தான் போட வேண்டும் என்று கேட்டார்கள். மூத்தவர்கள் நாங்கள் நால்வரும் ஒரே குரலில் மறுத்தோம். கழகத்துக்கென்று 1976 இல் நீர் எழுதிய பாட்டு இருக்கிறது. பப்பரே வாத்தியக்காரரைப் பிடித்து அதை வாசிக்க விட்டுக் கூட்டமாகப் பாடுவதே முறை என்றோம். நான் இரண்டு படி மேலே போய், பாட்டு என்றால் என்ன, இரைச்சல் என்றால் என்ன என்று ஒரு விரிவுரையே செய்தேன். வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்த பொடியன்மார் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு அவர்களில் ஒருவன், கோல் காப்பவன், எழுந்து மிக மரியாதையாகச் சொன்னான்: "சரி ஐயா, அந்தப் பாட்டை முழுசாப் பாடிக் காட்டுங்க, நாங்க படிச்சிர்றோம்."

"வெற்றி நமதே வீரர்களே, விரைந்தே வாரீர் தீரர்களே" என்று தொடங்கினோம். முதற் சரணம் முடிந்தது. அதற்கப்பால் நால்வரும் நான்கு திசையில் போனோம். ஒருவர் முதற் சரணத்தையே திரும்பப் பாடினார். ஒருவர் மெட்டை மட்டும் முனகினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தண்ணீர் கேட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டுத் தப்பியிருக்கலாம். எழுதிவைத்த பிரதி ஏதும் உண்டா என்று கோல் காப்பவன் கேட்டான். 1978 நவம்பர்ச் சூறாவளியில் கழகக் கொட்டிலின் கூரையோடு அந்தக் கொப்பியும் போய்விட்டது என்ற கதையைச் சொன்னோம். அந்தப் பொடியன்களின் தகப்பன்மாரே அப்போது கைக்குழந்தைகள்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. நாற்பது வருடங்களுக்கு மேலாக ஒருவரும் முழுதாகப் பாடாத பாட்டுக்காக நான் ஏன் அவ்வளவு உரத்துப் பேசினேன் என்று யோசித்தேன். பாட்டின் மீதிருந்த பற்றைவிட, அந்த வயதின் மீதிருந்த பற்றே என்னைப் பேச வைத்திருக்க வேண்டும். நீர் மிச்சிகனில் கண்ட பாட்டு வாழ்வதற்குக் காரணம் அது பழையது என்பதன்று. ஒவ்வொரு கிழமையும் யாரோ அதைப் பாடிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதுதான்.

ராப்புக்கும் விளையாட்டுக்கும் ஒட்டாது என்ற உமது வாதத்தையும் பிறகு கொஞ்சம் சோதித்துப் பார்த்தேன். நியூயோர்க்கின் புரோங்ஸ் பகுதியில் 1973 இல் ஒரு விருந்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கலை, பன்னிரண்டு வருடங்களுக்குள் விளையாட்டுக்காரரின் வாய்க்கே வந்துவிட்டது. சிகாகோ பெயார்ஸ் என்ற அமெரிக்க உதைபந்தாட்ட அணியின் வீரர்கள் 1985 இல் தாங்களே ஒரு ராப் பாட்டுப் பாடி வெளியிட்டார்கள். அந்தப் பருவத்தில் அவர்கள் தோற்றது ஒரேயொரு ஆட்டம். அந்தத் தோல்விக்கு மறுநாள்தான் பாட்டின் காணொளியைப் படம் பிடித்தார்களாம். தோற்ற மறுநாள் நமது ஆட்களைக் கமராவுக்கு முன்னால் நிறுத்த முடியுமா, சொல்லும். 1986 ஜனவரியில் இறுதிப் போட்டியை 46க்கு 10 என்று வென்றார்கள். இதைப் பார்த்து ராப்பில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று நினைத்துவிடவும் கூடாது. இங்கிலாந்தின் லிவர்பூல் வீரர்கள் 1988 இல் அதே வேலையைச் செய்துவிட்டு, கிண்ண இறுதியாட்டத்தில் விம்பிள்டனிடம் ஒரு கோலால் தோற்றுப் போனார்கள்.

அந்த லிவர்பூல் கூட்டம் கண்ணீரோடு பாடுகிற பாட்டும் உதைபந்துக்காக எழுதப்பட்டதன்று. 1945 இல் அமெரிக்க இசை நாடகம் ஒன்றுக்காக எழுதியதை 1963 இல் உள்ளூர்க் குழு ஒன்று பாட, மைதானத்துக் கூட்டம் எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டது. இன்னும் நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் உண்டு. 1947 இல் இங்கே வந்து நமது தலைமுறைக்குப் பந்தைப் பிடிக்கவும் விழுந்தால் எழும்பவும் கற்றுத்தந்த வெபர் அடிகளாரின் ஊர் நியூ ஓர்லியன்ஸ் அல்லவா? அந்த ஊர் அணிக்குப் பெயரே 'புனிதர்கள்'. அவர்களின் பாட்டு, புனிதர்கள் அணிவகுத்து வருவதைப் பற்றிய ஒரு பழைய பக்திப் பாட்டு. சவ ஊர்வலத்தில் போகும்போது மெதுவாகவும், அடக்கம் செய்து திரும்பும்போது துள்ளலாகவும் பித்தளை வாத்தியத்தில் வாசிப்பார்களாம். சேமக்காலையிலிருந்து மைதானத்துக்கு வந்த பாட்டு என்று சொல்லலாம். (உமது பாட்டின் மெட்டும் உம்முடையதன்று, சினிமா மெட்டு என்பது எனக்கும் உமக்கும் மட்டும் தெரிந்த இரகசியமாக இருக்கட்டும்.)

இனிப் பொடியன்மாரின் பாட்டுக்கு வருகிறேன். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடதாசியில் எழுதித் தரச் சொல்லி, மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தபோதுதான் இரண்டு வரிகள் என்னை நிறுத்தின:

"வலையைப் பின்னத் தெரிஞ்ச கையி,
வலைக்குள்ள போடத் தெரிஞ்ச காலு."

வாவியில் தோணி விடுகிற வீட்டுப் பிள்ளை எழுதிய வரி. அடியின் தலையில் எதுகை விழுந்திருக்கிறது, பார்த்தீரா? ஆங்கில ராப் அடியின் வாலில் ஒலியைக் கட்டும். இவன் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தலையிலும் கட்டியிருக்கிறான். நமது வயற்காட்டுக் கவியிலும், கூத்தில் அண்ணாவியார் வாயால் உருட்டுகிற தாளக்கட்டிலும் கேட்டு வளர்ந்த காது அது. மலேசியாவின் யோகி பி குழுவினரைக் கேட்டுத்தான் தமிழில் ராப் வரும் என்று தெரிந்ததாக அவன் சொன்னான். எனக்கென்னவோ அவன் பாதி அங்கிருந்தும் பாதி அவனுடைய அம்மம்மாவிடமிருந்தும் எடுத்திருக்கிறான் என்று படுகிறது. உமது 'வீரர்களே, தீரர்களே' எந்த ஊர்க் கழகத்துக்கும் பொருந்தும். இந்த வரி நமது ஊரைத் தவிர வேறெங்கும் நிற்காது. கோபித்துக்கொள்ளாதீர்.

ஆனால் அதே பாட்டில் எதிரணிக் கோல் காப்பாளனின் குடும்பத்தை இழுத்த வரி ஒன்றும் இருந்தது. அதை எடுக்கச் சொன்னோம். ராப்பில் வசை என்பது முறைதான், இல்லாவிட்டால் உப்பிருக்காது என்று அவர்கள் வாதிட்டார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. வசைபாடக் காளமேகம் என்று நாமே பெருமையாகச் சொல்கிறோம். கொம்புமுறி விளையாட்டு உமக்கு நினைவிருக்கும். வடசேரியும் தென்சேரியும் வளைந்த கொம்புகளைக் கொழுவிக் கயிறு பூட்டி இழுக்க, கொம்பு முறிந்த கட்சியை வென்ற கட்சி பாட்டால் கிழித்துத் தோரணம் கட்டும். ஒரே வீட்டுக்குள் இரண்டு சேரிக்காரர் இருந்ததால் அன்றைக்குச் சோறு போட ஆளிராது என்று எங்கள் அம்மம்மா சொல்லுவா. ஆனாலும் அந்த வசை கண்ணகி அம்மன் சடங்கோடு தொடங்கி அந்தச் சடங்கோடு அடங்கும். மறுநாள் அதை வாயில் எடுப்பவன் அவமானப்படுவான். இன்றைய வசைக்கு அந்த எல்லை இல்லை. ஒத்திகையில் எடுத்த காணொளியை எவனோ வாட்ஸ்அப்பில் விட, விடியுமுன் அது கல்முனை வரைக்கும் போய், அந்தப் பையனின் தாயார் கையிலும் கிடைத்துவிட்டது. கோல் காப்பவன் தானே சைக்கிளில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். அவன்மீது எனக்கு மதிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

போட்டி நாளன்று வரியை எடுத்துவிட்டு ராப்பையே போட அனுமதித்தோம். ஸ்பீக்கர் இரண்டும் மனித உயரம். பாட்டு இடி போல முழங்கியது, நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. ஆனால் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தேன்: எல்லோர் கையிலும் தொலைபேசி, எல்லோர் வாயும் மூடியிருந்தது. மீன் பாடுகிறது என்று பெயரெடுத்த ஊரில் மனிதர் ஒருவரும் பாடவில்லை. இரண்டாம் பாதியில், நாம் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றுபோனது. மைதானம் முழுவதும் ஒரு வெறுமை. அப்போது பாட்டை எழுதிய பையன், மாற்று ஆட்டக்காரர் வாங்கில் இருந்தவன், தண்ணீர் வாளியைக் கவிழ்த்து, இரண்டு கைகளாலும் தட்டி, "வலையைப் பின்னத் தெரிஞ்ச" என்று கத்தினான். எல்லைக் கோட்டில் நின்ற சிறுவர்கள் "கையி!" என்றார்கள். "வலைக்குள்ள போடத் தெரிஞ்ச" என்றான். இந்தத் தடவை "காலு!" என்றவர்களில் நானும் ஒருவன். ஐஸ்பழ வண்டிக்காரர் தன்னுடைய மணியைத் தாளத்துக்கு அடித்தார். நான்கைந்து நிமிடம் அப்படியே போனது. கோல் விழவில்லை, ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றுத்தான் வீடு வந்தோம். தோற்ற பிறகும் ஓட்டோவுக்குள் பொடியன்மார் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

ஆகவே உமது மிச்சிகன் வழக்கில் என்னுடைய தீர்ப்பு இது. அந்தப் பெரியவருடைய மனக்குறை நியாயமானது. அவர் குற்றம் சாட்டிய ஆள்தான் பிழை. ஒலிபெருக்கி உமக்காகப் பாடிவிட்டால் உமது தொண்டைக்கு வேலையில்லை. அதில் ராப்பைப் போட்டாலும் சரி, 1898 ஆம் ஆண்டுப் பாட்டைப் போட்டாலும் சரி, கூட்டம் ஊமையாகத்தான் இருக்கும். ராப்பில் ஒருவன் வாய் நீளமாக ஓடுகிறது என்பதும் உண்மை. அவன் மூச்சு வாங்குகிற இடத்தில் மற்றவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு சொல்லை விட்டுவைத்தால் அது கூட்டப் பாட்டாகிவிடும். வசந்தன் ஆட்டத்தில் நாம் பின்பாட்டுப் பாடியதும் இப்படித்தானே.

இப்போது மீதிப் பாதி. அடுத்த போட்டிக்குப் பொடியன்மார் ஒரு யோசனை வைத்திருக்கிறார்கள்: அவர்களுடைய ராப் இரண்டு கண்ணி, நடுவில் உமது பழைய பாட்டு, வாளியும் பப்பரே மேளமும் மட்டும், ஸ்பீக்கர் வேண்டாம். நானும் சம்மதித்துவிட்டேன். ஆனால் முழுப் பாட்டும் வேண்டுமாம். முதற் சரணம் கைவசம் இருக்கிறது. இரண்டாம் சரணத்தை எழுதி அனுப்பும். குரற்பதிவு வேண்டாம், கையெழுத்தில் வேண்டும், புதுக் கொப்பியில் ஒட்டப் போகிறார்கள். உமக்கும் மறந்துவிட்டதென்றால் புதிதாக ஒன்று கட்டி அனுப்பிவிடும். அது பழையதில்லை என்று கண்டுபிடிக்க இங்கே ஒருவருமில்லை.

அன்புடன்,
உமது பழைய கோல் காப்பாளன்