நேர்கோடு போதாது

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே அஸ்தம்பட்டியில் எல்லோரும் நலம். மலைப்பக்கம் நல்ல மழை.

மயக்கவியல் மேற்படிப்பில் இருக்கும் மகள் ஒரு கணக்கைக் கொண்டுவந்து கொடுத்தாள்: ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு மாறும்போது மூளைக்குப் போகும் ரத்தம் எப்படி மாறும் என்று சமன்பாடு எழுத வேண்டும். வேறு எதிலும் மனம் போக மாட்டேன் என்கிறது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும், குறைந்தால் சுருங்கும். வேகவேகமாக மூச்சு விட்டால் தலை கிறுகிறுப்பது இதனால்தான். கெட்டி, ஷ்மிட் என்ற இரு ஆய்வாளர்கள் 1948-லேயே இதை மனிதர்களிடம் அளந்துவிட்டார்கள்.

ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் இயல்பான அழுத்தம் 40 மி.மீ. பாதரசம். ஒரு மி.மீ. மாறினால் மூளைக்குப் போகும் ரத்தம் 3, 4 சதவீதம் மாறும் என்கிறது பாடப்புத்தகம். 4 என்று வைத்து நேர்கோடு போட்டுப் பார். 15-க்கு இறங்கும்போது ரத்த ஓட்டமே பூஜ்ஜியம்! அப்படி ஆவதே இல்லை. குழாய் ஓரளவுக்கு மேல் சுருங்காது, ஓரளவுக்கு மேல் விரியவும் விரியாது. அதனால் இரண்டு முனையிலும் படுத்துக்கொள்ளும் எஸ் வடிவ வளைவுதான் சரி.

என்னை உலுக்கியது அந்த வளைவின் மேல்முனை. கழுத்துத் தமனி அடைபட்டவருக்கு, அந்தப் பக்கத்து மூளைக் குழாய்கள் முன்பே விரிந்துதான் இருக்கும். கார்பன் டை ஆக்சைடு கூடும்போது அவை இன்னும் விரிய இடமில்லை. நல்ல பக்கம் விரிந்து, இந்தப் பக்கத்து ரத்தத்தையும் இழுத்துக்கொள்ளலாம். மொத்த மூளைக்கும் ஒரே சராசரி எண் போட்டால் ஆபத்தில் இருப்பவரே கணக்கில் காணாமல் போய்விடுவார். பக்கத்துக்கு ஒரு வளைவு வேண்டும் என்று மகளிடம் பிடிவாதமாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம், நேரம். குழாயை விரிப்பதும் சுருக்குவதும் அதைச் சுற்றியுள்ள திரவத்தின் அமிலத்தன்மை; கார்பன் டை ஆக்சைடு கூடினால் அதுவும் கூடும், குறைந்தால் குறையும். தலைக்குள் அழுத்தம் கூடிய நோயாளிக்கு வென்டிலேட்டரில் மூச்சைக் கூட்டினால் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, குழாய் சுருங்கி அழுத்தம் இறங்கும். ஆனால் சில மணி நேரத்தில் அந்தத் திரவத்தில் அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் குறைந்து அமிலத்தன்மை பழைய நிலைக்கு வந்துவிடும். ரத்த ஓட்டமும் திரும்பிவிடும். அந்த நேரத்தில் சட்டென்று மூச்சைக் குறைத்தால் அழுத்தம் எகிறும். ஆக ஒரே சமன்பாட்டுக்குள் நொடிக் கணக்கில் ஒரு வேகம், மணிக் கணக்கில் இன்னொன்று. வகைக்கெழுச் சமன்பாடுகளில் உன் கை எப்போதும் தேர்ந்தது. இந்த இரண்டையும் எப்படிக் கோர்ப்பாய் என்று எழுது.

மே மாதம் ஏற்காட்டுக் கோடை விழாவுக்குக் குடும்பத்தோடு வா. கணக்கு நோட்டையும் எடுத்து வா.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி